வீட்டுக்கு ஒரு தோள்

பர்மாவில், அலோன் துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் தமிழர் சந்தில் நாற்பது வீடுகூட இருக்காது. மூட்டை தூக்க வந்தவர்கள் போட்ட குடிசைகள்தான் இன்றைக்குப் பலகையும் தகரமுமாக நிற்கின்றன. அரிசி மூட்டையைச் சுமந்த தோளில்தான் அவர்கள் மாரியம்மனையும் சுமந்தார்கள். தேர், சக்கரம் எதுவும் கிடையாது. ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் பாதிச் சந்து இந்தியாவுக்கு நடந்தே போனது. போகாதவர்கள் அந்த வருஷமும் சப்பரம் எடுத்தார்கள். புயலில் கோயில் கூரை ஆற்றோடு போன வருஷமும் எடுத்தார்கள்.

எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. சப்பரம் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். பூசாரி உடுக்கையை அடித்து, "இந்த வீட்டுத் தோள் எங்கே?" என்று கேட்பார். உள்ளே இருக்கிற ஆண்பிள்ளை, "வந்துட்டேன் தாயே" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். அடுத்த வாசல் வரைக்கும் சப்பரத்து மூங்கில் அவன் தோளில். பேச்சு வந்த நாள் முதல் சந்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பதில் பழக்கம். சோறு வாயில் இருந்தாலும் விழுங்கிவிட்டுக் குரல் கொடுப்பார்கள்.

இந்த வருஷம் சத்யபாமாவுக்குப் பயம் பிடித்ததே அதனால்தான்.

அவள் மகன் மோகனின் பெயரைக் கட்டாயப் பட்டாளத்துக்கு எடுத்தாகிவிட்டது. தாய்லாந்துக்கு ஓடிப்போய்விட்டான் என்று வார்டு ஆபீசில் சொல்லி அழுதுவிட்டு வந்தாள். ஓடிப்போனவன் அவள் தலைக்கு மேலே, தகரக் கூரைக்கும் பலகைப் பரணுக்கும் நடுவில் கிடந்தான். பகலெல்லாம் தூங்குவான். ஊர் அடங்கியபின் இறங்கி வந்து நாலு வாய் சாப்பிட்டு, காலை நீட்டி மடக்கிவிட்டு ஏறிவிடுவான். அவள் கிடங்கில் சிந்தின அரிசி கூட்டுகிற கூலிக்காரி. ஒரு ஆள் சமையலில் இரண்டு ஆள் சாப்பிடுவது பக்கத்து வீட்டு ராணிக்குக்கூடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் பூசாரி அப்பாசாமியிடம் போய் நின்றாள்.

"மாமா, இந்தத் தடவை என் வீட்டைக் கூப்பிடாமப் போயிருங்க."

அப்பாசாமி உடுக்கைக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கூப்பிடாமப் போறது எழவு வீட்டை மட்டுந்தான். எழவுன்னு சொல்லட்டுமா?"

பெற்ற வயிறு அதற்கு ஒப்பவில்லை. "வேணாம். கூப்பிடுங்க. பதில் வராது. போயிருங்க."

"மூணு தரம் கேக்கணும். அது முறை."

"சீக்கிரமாக் கேளுங்க."

"ஊ தெய்ன் கூடவே வர்றான்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அவன் பொறுப்புலதான் அனுமதியே. பொழுது சாயறதுக்குள்ள சாமி கோயிலுக்குத் திரும்பணும்னு சொல்லிட்டான்."

ஊ தெய்ன் வார்டு ஆபீஸ்காரர். பர்மாக்காரர், ஆனால் இந்தச் சந்து முனையில் வளர்ந்தவர். சின்ன வயதில் இங்கே கூழ் வாங்கிக் குடித்து, அரைகுறைத் தமிழும் பிடித்துக்கொண்டார். அடுத்தவன் வீட்டில் பிள்ளையைக் கேட்க முகம் வேண்டுமே என்று தன் மகனைத்தான் முதலில் பட்டாளத்துக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அவரிடம் கெஞ்ச யாருக்கும் வாயில்லை.

திருவிழா அன்றைக்கு வெயில் தகரத்தைக் காய்ச்சியது. சத்யபாமா ஏணியில் ஏறி, மகன் தலைமாட்டில் தண்ணீர் வைத்தாள்.

"சாமி வரும்போது மூச்சுக்கூட விடாதே."

"நான் என்ன சின்னப் பிள்ளையாம்மா?"

"முழிச்சிருடா. தூங்கிராதே."

"சரி சரி."

வெயில் தாழுமுன்னே சப்பரம் சந்துக்குள் நுழைந்தது. கூட்டம் போன வருஷத்தில் பாதி. பல வாசல்களில் கேள்விக்குப் பதில் கிழட்டுக் குரலில்தான் வந்தது. ஒரே ஆள் மூன்று வீட்டுத் தூரம் சுமந்து, மூங்கிலை மாற்றிக் கொடுக்க ஆளில்லாமல் நின்றான். ஊ தெய்ன் வேப்பிலை தோரணத்துக்குக் கீழே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள்.

சத்யபாமா வாசலை மறித்து நின்றாள். சப்பரம் வந்து நின்றது. உடுக்கை பேசியது.

"இந்த வீட்டுத் தோள் எங்கே?"

அவள் தரையைப் பார்த்தாள். ஊ தெய்ன் அவளைப் பார்த்தார்.

"இந்த வீட்டுத் தோள் எங்கே?"

யாரோ இருமினார்கள். அப்பாசாமி மூன்றாவது கேள்வியை அவசர அவசரமாகக் கேட்டு, அடுத்த வீட்டுக்குக் காலை எடுத்து வைத்தார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து, மேலேயிருந்து, தூக்கத்தில் தடித்த ஆண்குரல் வந்தது.

"வந்துட்டேன் தாயே."

வெக்கையில் கண் அசந்துவிட்டான் பாவி. உடுக்கைச் சத்தம் காதில் விழுந்ததும், அவன் எழுவதற்கு முன்னால் நாக்கு எழுந்துவிட்டது.

சந்து அப்படியே நின்றது. ஊ தெய்னின் ஆட்களில் ஒருவன் கழுத்தை நீட்டி அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

சத்யபாமா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். தலைமுடியைப் பிய்த்து அவிழ்த்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து காற்றை இழுத்து, தொண்டையை அறுத்துக்கொண்டு கத்தினாள்.

"வந்துட்டேன் தாயே! வந்துட்டேன்!"

கால் தரையில் நிற்காமல் ஆடினாள். சாமியாடுகிறவர்களைப் பார்த்து, கூலிக்குப் போகாமல் இருக்க நல்ல வழி என்று வருஷா வருஷம் சிரிக்கிறவள் அவள்.

"இவளுக்கா?" என்று பின்னால் ஒருத்தி சொன்னது கேட்டது. "வெளக்கே ஏத்தமாட்டாளே."

பதில் சொன்னது ராணி. ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தூக்கி வந்து சத்யபாமாவின் தலையில் கவிழ்த்தாள். "முனீஸ்வரர்டி. ஆம்பளைக் குரல் கேக்கலை? தள்ளி நில்லு, காவு கேட்டுறப் போறாரு." வேப்பிலைக் கொத்தை அவள் கையில் திணிக்கும்போது ராணி விரல்களை ஒரு தரம் அழுத்தினாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எத்தனை நாளாகவோ.

எட்டிப் பார்த்தவன் பின்வாங்கினான். நாட் என்று அவர்கள் கும்பிடுகிற ஆவி இறங்கின ஆளின் வாசலில் கால் வைக்கப் பர்மாக்காரன் எவனுக்கும் துணிச்சல் வராது. போய்விடுவார்கள், இன்னும் ஒரு நிமிஷம், போய்விடுவார்கள் என்று அவள் ஆடிக்கொண்டே கணக்குப் போட்டாள். கடித்த வேப்பிலையின் கசப்பு வாயெல்லாம் ஊறியது.

ஊ தெய்ன் செருப்பைக் கழற்றினார். ஈரத் தரையில் லுங்கியோடு மண்டியிட்டுக் கைகூப்பினார்.

"சாமி" என்றார் தமிழில். "நம்ம பையன் பேசி ரொம்ப நாளு ஆச்சு. போன் இல்லை. ஒண்ணும் இல்லை. இருக்கானா, சாமி?"

இந்த ஆளுக்குப் பயந்துதான் மகனைப் பரணில் போட்டு வேகவைக்கிறாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் இங்கேயே செத்து விழுவார். சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஆனால் குனிந்திருந்த அந்தத் தலையில் உச்சிமுடி கொட்டிப்போயிருந்தது.

"இருக்கான்" என்றாள், அதே ஆண்குரலில்.

"எங்கே சாமி?"

மேலே பலகை லேசாக முனகியது. அவள் காலை ஓங்கித் தரையில் மிதித்தாள்.

"வடக்கே. வடக்கே இருக்கான்."

ஊ தெய்ன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்து, மூங்கிலுக்குக் கீழே போய் நின்றார்.

"இந்த வீட்டுல ஆள் இல்லை" என்றார் அப்பாசாமியிடம். "நான் தூக்கறேன்."

வெளியாள் சாமியைத் தூக்குவது அந்தச் சந்தில் எந்தக் காலத்திலும் நடக்காதது. அப்பாசாமி சத்யபாமாவைப் பார்த்தார், சப்பரத்தைப் பார்த்தார், உடுக்கையை அடித்தார். மகனைத் தேடுகிற ஆளின் தோளில் ஏறி, அவள் வீட்டு முறை அடுத்த வாசலுக்குப் போனது.

போகிறபோது ஊ தெய்ன் திரும்பினார். "சத்யாம்மா, இந்த வீட்டுல சாமி இருக்கு. வெள்ளிக்கிழமை தேங்கா, வாழைப்பழம் கொண்டாந்து வைக்கறேன். மறுபடியும் கேக்கறேன். பையன் வர்ற வரைக்கும் வெள்ளி வெள்ளிக்கு வர்றேன்."

அவள் ராணியின் மேல் சாய்ந்து கிடந்தாள். ராணி அவளை வீட்டுக்குள் இழுத்து விட்டாள்.

கதவைச் சாத்தித் தாழ் போட்டபோது தூரத்தில் உடுக்கை கேட்டுக்கொண்டிருந்தது. ஈரப் புடவையோடு ஏணியில் ஏறினாள். மோகன் முட்டியில் முகத்தைப் புதைத்திருந்தான்.

"அம்மா, தூக்கத்துல தெரியாம…"

முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். சத்தம் வெளியே கேட்டிருக்குமோ என்று உடனே கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வாசலைக் காதால் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"அந்த ஆளு வெள்ளிக்கிழமை வரப்போறான். உள்ள வந்து உக்காருவான்" என்றாள். தொண்டை கிழிந்து குரல் பாதிதான் வந்தது. "உன் குரலை நல்லாக் கேட்டிருக்கான். நான் வேற குரல்ல பேசினா கண்டுபிடிச்சுருவான்."

மகனுக்குப் புரியவில்லை. அவள் அவன் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.

"இன்னொரு தரம் சொல்லு. மெதுவா."

"என்னம்மா?"

"சாமிக்குச் சொன்னதை. நான் உன்னை மாதிரியே பேசிப் பழகணும்."