உருண்டு வந்த முத்துகள்

1940-ஆம் ஆண்டு ஆவணி மாதம் இரண்டாம் ஞாயிறு, காலைப் பூசை முடிகிற நேரத்தில், மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் கடலில் தானாக விளைந்த முத்துகள் அத்தனையும் நூலைவிட்டுக் கழன்று, தெருத்தெருவாக உருண்டு, ஆரோக்கியமேரியின் வாசலில் போய் நின்றன. ஜட்காக்கள் பத்து நிமிடம் தாமதமாயின. கத்தரிக்காய் அன்று வீசை ஓரணா.

ஆரோக்கியமேரி பொன்னுரங்கத்தின் நகைக்கடைக்கு ஒன்பது வருஷமாக முத்துக் கோத்துக் கொடுத்தவள். முத்தைச் சோதிக்க ஊருக்குத் தெரிந்தது ஒரே வழி, பல்லில் தேய்ப்பது. நறநறத்தால் அசல், வழுக்கினால் மீன்செதில் பூசிய கண்ணாடி. ஜப்பானில் சிப்பிக்குள் மணியை வைத்து வளர்த்த முத்தும் நறநறக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஊசி நுழைக்கிறவளுக்குத் தெரியும். நோரா டீச்சர் தன் கல்யாணத்துக்குப் பொன்னுரங்கத்திடம் மன்னார் முத்து என்று வாங்கிய மாலை கோக்க வந்தபோது, துளையைப் பார்த்த ஆரோக்கியமேரி ஊசியை வைத்துவிட்டு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

"ஓட்டைக்குள்ள சுத்தி ஒரு கோடு ஓடுது பாரும்மா. உள்ள வச்சது வேற, மேல வளந்தது வேற. இது தானா வெளைஞ்சது இல்ல."

டீச்சர் கடைக்குப் போய்க் கேட்டாள். பொன்னுரங்கம் கூசாமல், தான் கொடுத்தது மன்னார்தான், கோக்கப் போன இடத்தில் மாறிவிட்டது என்றான். டீச்சர் நம்பினாள். அதுதான் அக்கிரமம். ஏமாற்றியவன் யோக்கியன், எச்சரிக்க வந்தவள் திருடி! அந்த ஞாயிறு கோயிலில் ஆரோக்கியமேரியைச் சுற்றி ஒரு பாய் அளவு இடம் விட்டுத்தான் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆத்திரத்தில் அவளுக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. வீடு திரும்பினால் வாசல் முழுக்க முத்து.

மன்னார் முத்து வந்திருந்தது, பாரசீகக் கடலின் பஸ்ரா முத்து வந்திருந்தது. கண்ணாடியும் ஜப்பானும் வரவில்லை. டீச்சர் வாங்கிய முத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆரோக்கியமேரியின் கையே படாமல் கடையில் பூட்டிக் கிடந்த 'மன்னார்' பெட்டியிலும் ஒன்றும் அசையவில்லை. வாங்கியவர்கள் திரண்டு போய்ச் சட்டையைப் பிடித்ததும் பொன்னுரங்கம் ஒத்துக்கொண்டான். மறுமாதம் கடையைக் காலி செய்தான். ஆரோக்கியமேரி அவரவர் முத்தைப் பிரித்துக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறும் முத்துகள் உருண்டு வந்தன. அதற்கடுத்த ஞாயிறும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் ஊர் காலியான வருஷம், செங்கல்பட்டுக்குப் போனவர்களின் முத்து வந்து சேர மூன்று நாள் ஆனது. பெண்கள் பூசை முடிந்த கையோடு சுருக்குப்பையுடன் அவள் வாசலில் வரிசையில் நிற்கப் பழகிக்கொண்டார்கள். உருளாத முத்தை மயிலாப்பூரில் யாரும் வாங்குவதில்லை.

அந்த வரிசையின் கடைசியில் நோரா டீச்சரும் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான். ஏழு வருஷம், ஒரு ஞாயிறு தவறாமல் நின்றாள். அவள் முறை வந்து வாய் திறக்குமுன் ஆரோக்கியமேரி தட்டைக் கவிழ்த்துக் காட்டுவாள்.

"உன்னுது ஒண்ணும் வரல டீச்சரம்மா," என்று கதவைச் சாத்திக்கொள்வாள்.