காற்றடிக்க பென்னி, வாசிக்க ஷைனி

1

"கல்யாணப் பொண்ணே போயி பொட்டிகிட்ட குந்திக்கினா, மாப்ள யாருக்குடி தாலி கட்டுவாரு? பொட்டிக்கா?"

கத்தியது கன்னியம்மா. வாங்கிக் கட்டிக்கொண்டது மகள் ஷைனி. இடம், புதுவாயல் சர்ச்சுக்குள் ஆர்கன் பக்கம். இந்தக் கதை பிறந்ததும் அந்தச் சண்டையில்தான். சர்ச்சின் பக்கவாட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே எங்கள் மொட்டைமாடி. ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வடகம் காய்ந்ததா என்று பார்க்கப் போனேன். (மழைக்காலத்தில் என்ன வடகம் என்று கேட்கிற வாசகர் தயவுசெய்து அடுத்த பகுதிக்குப் போகவும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தப் பழம்பெரும் ஆலயத்தின் மேல் மாலைச் சூரியன் தன் பொற்கரங்களை—"

அடித்துவிட்டேன். கொல்கத்தா நெடுஞ்சாலை லாரித் தூசியில் எங்கள் ஊரில் யார் பொற்கரத்தைக் கண்டார்கள்? நேராகவே சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலில் வந்த குழாய் ஆர்கன் அது. பீரோ போல மரப்பெட்டி, அதன் தலைமேல் வரிசையாகக் குழாய்கள். தானாக மூச்சுவிடத் தெரியாது. மரத்தடுப்புக்குப் பின்னால் ஒருவர் நின்று துருத்தியின் கைப்பிடியை அழுத்திக் காற்றடிக்க வேண்டும், முன்னால் ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அடிக்கிற கை நின்றால் பாட்டும் நிற்கும். வாசிப்பது ஷைனி, அடிப்பது, கும்மிடிப்பூண்டியில் இரும்பு கம்பெனி வேலைக்குப் போகும் பென்னி. பள்ளிக்கூட நாளிலிருந்தே இந்த ஜோடிதான்.

எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம்: ஆர்கன் ஒலித்த பிறகுதான் மணப்பெண் வாசற்படி தாண்டலாம். இத்தனை வருடம் ஊர்ப் பெண்களையெல்லாம் ஷைனிதான் வாசித்து உள்ளே அழைத்தாள். இப்போது அவளுக்கே கல்யாணம். மாப்பிள்ளை எட்வர்ட், குடித்தனம் ஓசூரில். அவள் போனதும் ஆர்கனுக்குத் துணி போர்த்திவிட்டு பாடகர் குழுவிலுள்ள ஜெரால்ட் என்ற பையனின் கீபோர்டுக்கு மாறுவதென்று சபையில் முடிவாகிவிட்டது. ஆகவே கடைசியாக ஒருமுறை, தன் கல்யாணத்துக்குத் தானே வாசிக்க வேண்டும் என்றாள். பட்டு இன்ன நிறம், பிரியாணி இன்ன கடை என்று எதிலும் வாய் திறக்காத பெண், இதில் மட்டும் அசையவில்லை.

3

[இங்கே ஒரு பழைய நாளைச் செருகுகிறேன்.]

அப்போதெல்லாம் கிறிஸ்துமஸுக்கு முன் குழாய்களைக் கழற்றி, உள்ளே சேர்ந்த தூசியை வாயாலேயே ஊதி எடுப்பார்கள். பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. பென்னி தன்னைவிட உயரமான குழாயைக் கட்டிப்பிடித்து ஒரு ஊது ஊதினான். ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ் வந்துவிட்டதென்று பையைத் தூக்கினார்கள். ஷைனி விரல் நீளக் குழாயில் கீச்சென்று பதில் சொன்னாள். இருவர் முகத்திலும் கரி அப்பியது போலத் தூசி. அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்கள் தெருவில் முறுக்குக்கு மாவு பிசையவே தொடங்குவோம்.

அன்றே அவர்களுக்குள் காத—

(இல்லை. இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. மழையில் ஒரே குடையில் வந்ததை ஒருமுறை பார்த்தேன். அந்தக் குடை என்னுடையது. நடுவில் நானும் இருந்தேன்.)

சண்டைக்குத் திரும்புவோம். மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்கள், பெண் நடந்து வராத கல்யாணம் உலகத்தில் உண்டா என்று கன்னியம்மா அழத் தொடங்கினாள். அதுவரை தடுப்புக்குப் பின்னால் சும்மா இருந்த பென்னி தலையை நீட்டினான்.

"ஆன்ட்டி, ஆர்கன் அடிச்சா யாருனா ஒருத்தர் நடந்து உள்ள வரணும். அவ்ளோதான? மாப்ள வரட்டும். இவ இங்கியே குந்திக்கினு இருக்கட்டும்."

முதலில் சிரித்தவர், பக்கத்தில் நின்றிருந்த போதகர். அவரே சரியென்றார், அதோடு சண்டை முடிந்தது.

4

கல்யாணத்தன்று ஷைனி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஆர்கன் முன் உட்கார்ந்தாள். வாசலில் எட்வர்ட், ஒரு கையில் பூச்செண்டு, மறு கையில் மாமியார். வியர்வையில் கோட்டு நனைந்துவிட்டது. ஆனாலும் நடந்தார்.

பாதி தூரம் வந்திருப்பார். ஆர்கன் மூச்சு வாங்கியது. குழாய்கள் ஒவ்வொன்றாக இறங்கி, ஆட்டுக்குட்டி போல் இழுத்து, அடங்கிப்போயின.

தடுப்புக்குப் பின்னால் என்ன நடந்தது? முடிவுகள் சில எழுதி வைத்திருக்கிறேன்: நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவனுக்குக் கை ஓய்ந்தது, அல்லது அழுதான், அல்லது, எல்லாக் கல்யாணத்திலும் பின்னாலேயே நின்றவன் ஒருமுறையாவது மணப்பெண்ணைப் பார்க்கலாமென்று கைப்பிடியை விட்டு எட்டிப் பார்த்தான். முன்வரிசையில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அந்த மரத்தடுப்பை என்றைக்கும் மன்னிக்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது இதுதான். ஷைனி திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைகளின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள். மெல்லக் காற்று வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள் என்று நினைத்தோம். அவளோ பாட்டின் முதல் அடிக்குப் போனாள். எட்வர்ட் ஒரு கணம் விழித்தார். பிறகு கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கே திரும்பிப் போய், மறுபடி நடந்து வந்தார்.

5

ஷைனி ஓசூரில் இருக்கிறாள். பென்னி, சோனியாவைக் கட்டிக்கொண்டு மணவாள நகருக்குக் குடிபோனான். அவளுக்கு அங்கே வேலை. மினி லாரியில் சாமான் ஏற்றும்போது, அன்றைக்கு உள்ளே என்னடா ஆச்சு என்று கேட்டே விட்டேன். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னான்:

"யக்கா, நீதான் கதை எழுதுறியே. உனுக்கு எது புடிச்சிருக்கோ அத்த வச்சிக்கோ."

எனக்கு எல்லாமே பிடித்திருக்கிறது, அதுதான் பேஜாரு. நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் சோனியா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பென்னி சாமான்களோடு பின்னால் ஏறிக்கொண்டான்.