கட்டம் கட்டமாய் ஒரு கல்யாண வீடியோ

என் இளைய மகள் சுடர்விழியின் கல்யாணப் பத்திரிகை ஒரே ஒரு வரிக்காக வலங்கைமான் அச்சகத்தில் ஒரு வாரமாகக் காத்துக் கிடந்தது. எங்கள் குடும்பத்தில் புரோகிதர் வைத்துக் கல்யாணம் செய்வதில்லை. மேடை, மைக், மாலை, உறுதிமொழி, அவ்வளவுதான். அதனால் தலைமை யார், வரவேற்புரை யார், வாழ்த்துரை யார் யார் என்று பத்திரிகையிலேயே வரிசையாகப் போட்டுவிடுவோம். எல்லாப் பெயரும் முடிவாகிவிட்டது. கடைசியில் வரும் நன்றியுரைக்கு நேரே மட்டும் காலி. அங்கே வரவேண்டியது என் வீட்டுக்காரர் செல்லதுரையின் பெயர். பெண்ணைப் பெற்றவர்தானே நன்றி சொல்ல வேண்டும்? அவரோ, யார் பெயரை வேண்டுமானாலும் போடு, என் பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். சம்பா கதிர் பிடிக்கிற நேரம். அவருக்கு அது நல்ல சாக்கு.

அச்சகம் வைத்திருக்கிற அம்சவல்லி தினமும் போன் செய்து, "அக்கா, பேரு முடிவாச்சா?" என்று கேட்பாள். நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். அவர் ஏன் மாட்டேன் என்கிறார் என்று எனக்குத் தெரியும். குற்றவாளி நான்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் எழில்மொழிக்கும் மாப்பிள்ளை நெடுஞ்செழியனுக்கும் வலங்கைமானில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மாடியில் மேடை, கீழே சாப்பாட்டுக்கூடம். என் வீட்டுக்காரர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் நாற்பது வருஷம் இருந்தவர். கூட்டம் என்றால் கொடி கட்டுவார், ஜமுக்காளம் விரிப்பார், தொண்டை கட்டும்வரை கோஷம் போடுவார், கடைசியில் பெஞ்சுகளைத் தூக்கி வண்டியில் ஏற்றுவார். மேடை ஏறி மைக்கைப் பிடித்தது மட்டும் கிடையாது. மகள் கல்யாணப் பத்திரிகையில்தான் பேசுகிறவர்கள் வரிசையில் முதன்முதலாக அவர் பெயர் வந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினார். மூன்று தாள், இரண்டு பக்கமும். மோட்டார் கொட்டகைக்குள் நின்றுகொண்டு சத்தமாகப் படித்துப் பார்க்கிறார் என்று பக்கத்து வயல் கண்ணாத்தாள் வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

கல்யாணத்தன்று அவருக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். சுருக்கமாகப் பேசி அமர்கிறேன் என்று ஆரம்பித்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். மணி ஒன்று பத்து. நானோ முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பன்னிரண்டரைக்குச் சோறு தட்டில் விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் எனக்குக் கை கால் ஓடாது. ஆறிப்போன சோற்றைப் பார்த்தால் யார்மேலாவது கோபம் வரும். சமையல்காரர் வந்து சாம்பார் ஆறுகிறதம்மா என்று காதில் சொன்னார். அவ்வளவுதான். ஐந்தாவது ஆள் பேசி முடித்து உட்காரும்போது, நான் மேடை ஓரமாக வந்து நின்று, "எல்லாரும் சாப்பிட வாங்க, சோறு ஆறுது" என்றேன்.

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் என் கரண்டிக்கு முன்னால் தட்டேந்தி நின்றவர்கள். முப்பது வயது, நாற்பது வயது ஆகியும் என் குரல் கேட்டதும் எழுந்து வரிசை பிடிக்கிற பழக்கம் அவர்களை விடவில்லை. மிச்சப் பேரும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் போட்டோ பிடிக்கத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். சுடர்விழி அக்காவின் மாலையைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு போய்விட்டாள். இரண்டே நிமிஷத்தில் மாடி காலி. நான் திரும்பிப் பார்க்கிறேன், மேடையில் என் வீட்டுக்காரர் மூன்று தாளோடு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்திரிகையைப் பிழை பார்த்தவளே நான்தான். கடைசி வரி அவருடையது என்று தெரியாதா எனக்கு? போன கூட்டத்தைத் திருப்பிக் கூப்பிடவும் முடியாது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கீழே ஓடிச் சமையல்கட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். அடுப்பின் இரைச்சலிலும் புகை இழுக்கிற காற்றாடியின் சத்தத்திலும் வெளியே என்ன நடந்தது என்று எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கை கழுவுகிற இடத்தில் கண்ணாத்தாள், உன் வீட்டுக்காரர் பேசினாரே என்று ஆரம்பித்தாள். காலி நாற்காலியிடம் பேசினதைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து, வந்த வேலையைப் பார் என்று வள்ளென்று விழுந்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரிடமும் நாலைந்து பேர் நன்றாகப் பேசினீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு நகர்ந்திருக்கிறார். என்னிடம் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அன்றைக்கே தீர்த்திருப்பேன். அவர் கல்யாண டிஸ்க்கைப் பார்க்க மாட்டார், மேடைப் பக்கம் போக மாட்டார், அவ்வளவுதான். எனக்கும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஊரையே அதட்டுகிற வாய் இது. இதற்கு மட்டும் திறக்கவில்லை.

இப்படியே நான்கு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் புயல் சின்னம் என்று இரண்டு நாள் விடாமல் மழை. வயலில் தண்ணீரை வடியவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் டிவியைப் போட்டார். சிக்னல் இல்லை என்று வந்தது. சாயங்காலச் செய்தி இல்லாமல் அவருக்கு டீ இறங்காது. குடையைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய் டிஷ்ஷைத் துண்டால் துடைத்துப் பார்த்தார், துண்டு நனைந்ததுதான் மிச்சம். பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற சுடர்விழி அப்போதுதான் மாடி அறையிலிருந்து இறங்கி வந்தாள். நெடுஞ்செழியன் மாமா வாங்கிக் கொடுத்த டிஷ் பாக்ஸுக்கு டிஷ் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், மாடியில் இருக்கிற கம்ப்யூட்டரும் அதுவும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன, அதில் கிடக்கிற நம் வீட்டு வீடியோ எல்லாவற்றையும் இங்கே டிவியிலேயே பார்க்கலாம் என்றாள். ரிமோட்டில் எதை எதையோ அழுத்தினாள். திரையில் ஒரு நீளமான பட்டியல் வந்தது.

வந்தது சரி, அதில் ஓர் எழுத்துகூட இல்லை. எல்லாம் கட்டம் கட்டமாக, கோலப் புள்ளிக்குப் பதில் யாரோ சதுரம் வைத்தது போல இருந்தது. எங்கள் வீட்டில் எதற்கும் தமிழில்தான் பெயர் வைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஃபோல்டர் என்று சொன்னால்கூட கோப்புறை என்று திருத்துவார். பத்து வருஷத்து வீடியோவும் தமிழ்ப் பெயரோடுதான் இருந்தது. அந்தப் பாக்ஸுக்குத் தமிழ் தெரியவில்லை. தமிழ்நாட்டில் விற்கிற பெட்டிக்குத் தமிழ் தெரியாதா, யாருக்கு மனு எழுத வேண்டும் என்று அவர் கொதித்தார். மனுவை எந்தக் கோப்புறையில் வைப்பீர்கள் என்று கேட்டேன். அதற்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

நடவு வீடியோவைப் போடு என்றார். சின்னப் பெயர், கட்டம் குறைவாக இருக்கிறதுதான் நடவு என்று அவரே ஒன்றைக் காட்டினார். திறந்தால் எங்கள் ஆடு குட்டி போடுகிறது. அடுத்ததைத் திறந்தால் திரை முழுக்க ஒரே இருட்டு, நடுவில் நான் யாரையோ திட்டுகிற குரல் ஏழு நிமிஷத்துக்கு வந்தது. எழில்மொழியின் போன் கைப்பைக்குள் தானாகவே பிடித்ததாம். இதை மட்டும் பெயர் பார்க்காமலே கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மூன்றாவதாக ஒரு நீளமான கட்ட வரிசையைத் திறந்தாள். மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் வந்தது. எழில்மொழி கல்யாணம்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார், வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். கொட்டுகிற மழையில் என்ன வாய்க்கால்? மாற்றுடி என்று சுடர்விழிக்குக் கண்ணைக் காட்டினேன். அவளோ, இது டிஸ்க்கில் இல்லாத வீடியோ, வீடியோக்காரர் எடுத்ததை வெட்டாமல் மாமா அப்படியே வாங்கி வைத்தது, பாட்டுச் சத்தம்கூட வரவில்லை பாருங்கள் என்றாள். டிஸ்க்கில் இந்தப் பந்திக் காட்சிக்கு சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார்கள். இதில் பாட்டு இல்லை. இலை போடுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், அதற்கெல்லாம் மேலே சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தது. அன்பிற்கும் பண்பிற்கும் உரிய சான்றோர் பெருமக்களே என்றது.

அவர் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். அது அவர் குரல்.

தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறியது. "கீழ சாப்பாடு ஆரம்பிச்சிட்டாங்க போல. எதிர்ல யாரும் இல்ல, மைக்செட்டுத் தம்பி மட்டுந்தான் இருக்காரு. அப்பறம் தாள் எதுக்கு."

திரையில் பந்தி முழுக்கச் சிரித்தது. யாரோ ஒருவர் அப்பளத்தைத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்த்து ஆட்டினார், நாங்கள் இருக்கிறோம் என்கிற மாதிரி. மாடியில் நின்றவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்குத் தனியாக நிற்கிற நினைப்பில் பேசிக்கொண்டே போகிறார். வாழைமரம் வெட்டிக் கொடுத்தவர், பந்தல் கட்டியவர், கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷத்தில் தன் முறையை விட்டுக்கொடுத்தவர் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். பெயர் வருகிறபோதெல்லாம் அந்த ஆள் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அறுத்துப் போட்ட நெல் மழையில் நனைந்தபோது தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த கண்ணாத்தாளுக்கு நன்றி என்றார். கண்ணாத்தாள் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இடது முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவளைத்தான் அன்றைக்கு நான் அப்படி விரட்டினேன்.

"என் வீட்டுக்காரி நீலாம்பாள்தான் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டா" என்றது குரல். "பேச்சு போச்சேன்னு ஒரு நிமிஷம் வருத்தமாத்தான் இருந்துச்சு. அப்பறம் நெனச்சுப் பாத்தேன். பசியப் பத்தி நாப்பது வருஷமா நான் கோஷம் போட்டேன். சோறு போட்டது அவதான். மொத நன்றி அவளுக்குத்தான். இது அவ காதுல விழாது, அடுப்பாண்ட நிப்பா."

பந்தியில் யாராலும் கை தட்ட முடியவில்லை, எல்லார் கையும் எச்சில். அதனால் இடது கையால் மேசையைத் தட்டினார்கள். ஒரு வரிசை தட்டியதும் அடுத்த வரிசை தட்டியது. தண்ணீர் டம்ளரெல்லாம் குலுங்கியது. எங்கள் வீட்டு டிவியில் மழைச் சத்தத்தை அமுக்கிக்கொண்டு அந்தச் சத்தம் கேட்டது.

நான் அழுதேன். மகள் பார்க்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். நான்கு வருஷமாக என்மேல் மனஸ்தாபம் என்று நினைத்து நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேனே, அன்றைக்கே எனக்கு நன்றி சொல்லிவிட்டு மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"ஏங்க, இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கேக்கவே இல்லியே" என்றார். அவர் பார்வை திரையை விட்டு அகலவில்லை. "இத்தன பேரு கேட்டாங்களா?"

சுடர்விழியை விட்டு மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார். மேசை தட்டுகிற இடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது தடவை முடிகிறபோது மழை விட்டிருந்தது. சுடர்விழி மாற்றிப் பார்த்தாள், சிக்னல் வந்துவிட்டது. செய்தி வேண்டுமா அப்பா என்று கேட்டாள். அதற்கென்ன அவசரம், ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பப் போடுவான் என்றார்.

அந்த நேரம் பார்த்து அம்சவல்லி போன் செய்தாள். வழக்கம்போல நாளைக்குச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். நன்றியுரைக்கு நேரே செல்லதுரை என்று போடுங்கள், அதற்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக்கூடத்தில் என்றும் போடுங்கள் என்றார். அந்தப் பக்கம் அம்சவல்லி, இப்படி ஒரு பத்திரிகை நான் அடித்ததே இல்லையே என்கிறாள். இலை போட்ட பிறகு யாரும் எழுந்து போக மாட்டார்கள், நீங்கள் அடியுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தார்.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை தள்ளிப்போடக் கூடாது என்று உடனே சொல்லிவிட்டேன்.

"மொதப் பந்தியில எனக்கும் ஒரு எல போடச் சொல்லுங்க. நான் உக்காந்து கேக்கணும்."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். அடுப்பை யார் பார்ப்பது என்று கேட்டார். சமையல்காரர் பார்ப்பார் என்றேன்.

"நான் கொஞ்சம் நீளமாப் பேசுவேன் நீலா. சோறு ஆறிடும்."

"ஆறுனா ஆறட்டும்" என்றேன்.