எல்லாச் சகாயமும்

சகாய மாதா கோயில் இருக்கிற ஊரில் பிள்ளைக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? கடற்கரையில் நின்று "ஏலே சகாயம்" என்றால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். அந்த ஊர்க்காரிதான் லிஜாவும். நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவளுக்கு அது மட்டும் ஞாபகத்தில் இல்லாமல் போனதே, அதுதான் கொடுமை.

கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பங்களின் விவரம் முழுதையும் அவள்தான் ஆக்சஸ் என்ற கம்ப்யூட்டர் பதிவேட்டில் ஏற்றினாள். யாராவது இறந்தால் பேரை அடித்துப் பட்டனை அமுக்கினால் போதும். அவள் எழுதிய புரோகிராம் அந்தப் பேரைப் பதிவேட்டில் தேடி, அந்தப் பேருள்ள ஆளை 'மரித்தவர்' என்று மாற்றிவிடும். குடும்பக் கார்டு நம்பரையும் கேட்க வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மாற்றும் முன் "இத்தனை வரி மாறப்போகிறது, சம்மதமா?" என்று ஆக்சஸ் கேட்கும். மாமியாக்காரி மாதிரி நச்சரிக்குதே என்று புரோகிராமிலேயே அதன் வாயையும் அடைத்திருந்தாள். "ஒருக்க சரிபாத்துக்கோ மக்கா" என்ற கோயில் உபதேசியாரிடம், "கம்ப்யூட்டருக்குத் தப்பு வராது மாமா" என்று பெண்கள் கூட்டத்தின் முன்னால் மிதப்பாகச் சொன்னாள்.

அக்டோபரில் கிழவர் ஒருவர் காலமானார். பேர் சகாயம். லிஜா அடித்தாள், அமுக்கினாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாளன்று, ஊருக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியார் அந்த வருசம் மரித்தவர்கள் என்று அவள் அச்செடுத்துக் கொடுத்த பேர்களை வாசிக்கத் தொடங்கினார். முதல் பேராக "அந்தோணி மகன் சகாயம்" என்றதும் ரெஜிலா மெழுகுதிரியை நழுவவிட்டாள். அது அவள் புருசன், ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போய் இன்னும் திரும்பவில்லை. கடலில் போனவன் சேதி முதலில் கோயிலுக்குத்தான் வரும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். "எனக்கு மட்டும் சொல்லாம விட்டுட்டியளே!" என்று மண்ணில் விழுந்து புரண்டாள்.

லிஜாவுக்குத் தான் செய்தது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பிடித்தாள். "யக்கா, அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. எல்லாச் சகாயத்தையும் நான்தான் சேத்து மாத்திட்டேன்."

"கம்ப்யூட்டருக்குத் தப்பு வராதுன்னு நீதானட்டி சொன்ன?" என்றாள் ரெஜிலா, நம்பாமல்.

பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. ரெஜிலா எழுந்து கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தாள். லிஜாவும் போனாள், பக்கத்தில் உட்காரத் துணிவில்லை.

மறுநாள் மத்தியானம் சகாயம் போன போட்டு கரைக்கு வந்தது. ரெஜிலா, புருசன் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள். பிறகு லிஜாவைப் பார்த்தாள். ஏசவில்லை, ஏசியிருக்கலாம்.

"அவரு பேர அந்தக் கம்ப்யூட்டர்லேருந்தே எடுத்துரு மக்கா. என் நெஞ்சுல இருந்தாப் போதும்."

லிஜா புரோகிராமைத் திருத்தினாள். கார்டு நம்பரைக் கேட்க வைத்தாள், அடைத்த வாயைத் திறந்துவிட்டாள். இறந்த கிழவரை விட்டுவிட்டு, மற்ற சகாயங்களை ஒவ்வொருவராக உயிரோடு இருப்பவர்களாக்கினாள். கடைசியாக அந்தோணி மகன் சகாயத்தை நீக்கச் சொன்னதும் திரையில் கேள்விப் பெட்டி வந்தது: "ஒரு வரி அழியப்போகிறது. சம்மதமா?"

எழுத்து விடாமல் வாசித்தாள். சம்மதம் என்று அமுக்கி, உயிரோடு வந்தவனை இன்னொரு தரம் அழிக்கக் கை வரவில்லை. அமுக்காமல் ரெஜிலாவின் முகத்தில் முழிக்கவும் வழியில்லை.