சாமி, ஒன்பதரை அடி

1

இந்தக் கதை எனக்கு ஆரையம்பதியில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் கிடைத்தது. முன்னால் நின்றவர் மாடிக்கடை ஒன்றின் வரைபடத்தைப் பிரதி எடுத்தார். அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘சாமி, ஒன்பதரை அடி.’ மீதியை நான் கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: வாவியின் மேல் பொழுது சாய்ந்துகொண்டிருந்த…

வேண்டாம். இது கட்டடத்தின் கதை.

இரண்டாவது: சுலோஜனா கட்டடக்கலைஞர். கோயிலைச் சுற்றிய பழைய குடியிருப்பில், சாமி வலம் வரும் வீதியில், இருபதடி அகலக் காணிக்கு ஒரு மாடிக்கடை வரைகிறாள். கீழே துணிக்கடை. மேலே தையலறை.

இது நிற்கும்.

(ஊர் கோயிலுக்குப் பேர்போன மண்டூர் அல்ல. மண்டூர் என்று எழுதினால் மண்டூர்க்காரர் வந்து கேட்பார்கள்.)

3

அவள் அந்த வீதியின் எல்லா வீடுகளையும் அளந்தாள். கூரைச் சரிவு, வாசல் உயரம், சுவரின் தடிப்பு. அவற்றோடு ஒத்துப்போகும் முகப்பு ஒன்றை வரைந்தாள். நல்ல முகப்பு.

காணி கோயிலுடையது, குத்தகைக்காரி அஜந்தா. ஆகவே கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் நல்லரத்தினம் கையெழுத்திட வேண்டும். அவர் வரைபடத்தைப் பார்த்தார்.

“எல்லாம் அளந்திரிக்கிறாய் புள்ள. சாமிய அளந்தாயா?”

சுலோஜனா அளக்கவில்லை. திருவிழாவில் சாமி தோளில் வருவார். திருமுடி ஒன்பதரை அடியில். மாடித் தரை பதினொன்றில்.

“சாமிக்கு மேல ஆக்கள்ற காலா? திருவிழா பத்து நாளும் மேல பூட்டணும். இல்லாட்டி மாடி வேணா.”

“அந்தப் பத்து நாள்தான் ஊரே சட்டை தைக்க வாற,” என்றாள் அஜந்தா. “பூட்டினா மறுகா நான் மீன்தான் விக்கணும்.”

“மீன் நல்ல யாவாரம்கா.”

“மேல்சட்டை போடாத ஆள் நீங்க. உங்களுக்கு என்ன விளங்கும்?”

4

முதல் பிரதியில் நல்லரத்தினம் வில்லன். மீசைகூட வைத்தேன். பிறகு சந்தேகம் வந்தது. சாமியைத் தோளில் சுமப்பவர் அவர். அந்தச் சாமிக்கு மேலே ஆள் நடமாடினால் அவருக்கு வலிக்கக் கூடாதா? மீசையை எடுத்தேன்.

மாடித் தரையைத் தாழ்த்தலாமே என்பீர்கள். மாரிமழையில் வாவி வெள்ளம் வீதிக்கு வரும். மாடி தாழ்ந்தால் கீழ்க்கடையும் தாழும்; துணி மிதக்கும்.

[மாற்று முடிவு: வண்ணக்கரின் மகள் தையல் பழக வருகிறாள். அவர் மனம் இளகுகிறது. எழுதினேன். பொய். கிழித்தேன்.]

5

அஜந்தா வண்ணக்கரிடம் கேட்டாள்: “சாமி என்ட கடையக் கடக்க எவ்வளவு நேரம்?”

“கால்மணி.”

“அந்தக் கால்மணிக்கு எல்லாரும் இறங்கி வாசல்ல நிப்பம். பத்து நாள் என்னத்துக்கு?”

“இறங்கினயளோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்?”

சுலோஜனா பென்சிலை எடுத்தாள். பின்புறம் ஒளித்திருந்த படியை முகப்புக்குக் கொண்டுவந்தாள். சுவரில்லாத படி. இறங்குபவர்களை வீதியே பார்க்கும். முகப்பு கெட்டது. அவள் அழிக்கவில்லை.

நல்லரத்தினம் கையெழுத்திட்டார்.

“ஒருத்தி இறங்காமப் பிழை விட்டாலும் மாடிக்குப் பூட்டு. பத்து நாளைக்கில்ல, எண்டைக்கும்.”

6

இங்கே நிறுத்தினால் இது சுலோஜனாவின் கதை. மாடி அஜந்தாவுடையது.

முதல் திருவிழா. பிற்பகல். மேளம் நெருங்குகிறது. படியால் பெண்கள் இறங்குகிறார்கள். வீதி பார்த்துத் திருப்திப்படுகிறது.

படி இறங்குபவர்களைக் காட்டும். இறங்காதவளைக் காட்டாது. வரைந்தபோது சுலோஜனா இதை யோசிக்கவில்லை. எழுதியபோது நானும்.

உங்களை எதிர்வேலியோரம் நிறுத்தியிருக்கிறேன். அங்கிருந்து மட்டும் மாடி யன்னலின் உட்புறம் தெரியும். ஒருத்தி குனிந்து சட்டைக்கு ஊக்குத் தைக்கிறாள். காதில் பாட்டு. மேளம் அவளுக்குக் கேட்கவில்லை.

சாமி கடையை நெருங்குகிறார். தோளில் சுமையோடு நல்லரத்தினம் உங்களிடம் கேட்கிறார்:

“எல்லாரும் இறங்கிட்டாங்களாகா?”

வாசலில் நிற்கும் அஜந்தா உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.

நான் இதற்கு மேல் எழுதவில்லை. கேட்டது உங்களை.