ஏசி மெக்கானிக் பார்த்த காய்ச்சல்

ஏசி மெக்கானிக் சேரனுக்குத் தன்னுடைய சூடு பார்க்கும் துப்பாக்கி மேல் அப்படியொரு நம்பிக்கை. தி.நகர் துணிக்கடைகளில் ஏணி கூடப் போடாமல், கீழே நின்றபடியே அதை ஏசியை நோக்கி நீட்டுவான். சிவப்புப் புள்ளி விழும், எண் வரும், கடைக்காரர் வாயை மூடிக்கொள்வார். பிறந்து ஐம்பது நாள்கூட ஆகாத சொந்த மகளை நோக்கி அதை நீட்ட வேண்டிவரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாந்தோம் குடியிருப்பில் மூன்றாம் மாடி. அவன் மனைவி அன்புக்கரசி பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பழைய வேட்டித் துணி இரண்டைச் சுற்றி, தலைக்குக் குல்லாவும் போட்டுவிட்டாள். தூக்கி மார்பில் சாய்த்தால் உடம்பு கொதித்தது. அவசரமாக அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகினாள். நூறு புள்ளி எட்டு.

மூன்று மாதத்துக்குள் நூறு புள்ளி நாலைத் தொட்டுவிட்டால் கைமருந்து எதுவும் கூடாது, நேரே வந்துவிடுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். பாப்பா மாதம் நிறையாமல் பிறந்தவள். ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அன்புவுக்குக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, அதுவும் தள்ளி நின்று பார்க்க மட்டும்தான் விட்டார்கள். இன்றைக்கும் பஸ் அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"மறுபடியும் பாப்பாவ அங்கியே வெச்சிக்குவாங்கல்ல?" என்றாள்.

 சேரன் வேலைப் பையைத் திறந்து துப்பாக்கியை எடுத்தான். பாப்பாவின் கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நெற்றிக்கு நேராகப் பிடித்தான். தொண்ணூற்று மூன்று. ஜுரமாவது ஒன்றாவது, தெர்மாமீட்டர் குச்சிதான் கோளாறு என்று சந்தோஷமாக அறிவித்தான்.

அன்புவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "தொண்ணூத்தி மூணா? கொயந்த சில்லுன்னு ஆயிப்போச்சா, மாமா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஏசியின் வெளி பிளாஸ்டிக்கின் சூடு உள்ளே ஓடும் குழாயின் சூடு ஆகாது, மீட்டர் முனை குழாயை ஒட்டிப் படிய வேண்டும், வெளிக்காற்று படாமல் மேலே சுற்றிக் கட்ட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் அவன். ஈரம் காயாத நெற்றி, தலைக்கு மேல் ஓடும் ஃபேன். இந்த லட்சணத்தில் வந்த எண்ணை நம்பியது எதனால்? அவனுக்கு வேண்டிய எண் அதுதான். பெற்ற பிள்ளை விஷயத்தில் இப்படி ஏமாறப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

பாப்பா இருந்த வார்டின் நர்ஸ் ஸ்ரீலக்ஷ்மிக்குப் போன் போட்டார்கள். பால் குடிக்கிறாளா, சத்தமாக அழுகிறாளா, கை கால் ஆட்டுகிறாளா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் நன்றாகவே இருந்தது. குளித்த சூட்டோடு அப்படிப் பொதிந்து வைத்தால் யாருக்குத்தான் உடம்பு சுடாது என்றார். துணியை எடுத்துவிட்டு மெல்லிய சட்டையோடு இருபது நிமிடம் விடுங்கள், அக்குளைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், அப்போதும் அதே எண் வந்தால் எனக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்பி வாருங்கள் என்றார்.

இருபது நிமிடம் லேசில் நகரவில்லை. பாப்பாவோ கட்டு அவிழ்ந்த குஷியில் காலை உதைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

நேரம் ஆனதும் சேரன் வேலையில் இறங்கினான். அக்குளின் எண்ணெய்ப் பிசுக்கைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தான். சட்டைத் துணி இடையில் வராமல் ஒதுக்கினான். முனையை அக்குளின் நட்டநடுவில் வைத்து, அந்தச் சின்னக் கையை மடக்கி உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"வெளிக்காத்து உள்ள பூந்துடக்கூடாது," என்றான்.

"இன்னாயா, கொயந்தைக்கு கேஸ் ஏத்தப் போறியா?" என்று கேட்ட அன்புவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பீப் என்றது. இருவரும் அசையவில்லை. நீ பார் என்றான் அவன். நீயே பார் என்றாள் அவள். கடைசியில் சேரன்தான் எடுத்தான். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. வாய்விட்டு இரண்டு முறை படித்தான். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு முறை வைத்தார்கள். அதே எண்தான் வந்தது. நர்ஸுக்குச் சொன்னதும் சாயங்காலம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னார். சேரனுக்கு மனசு நிறைந்து போயிற்று.

பாப்பா பால் குடித்துத் தூங்கிய பிறகு அன்பு கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு துணிப்பையை இழுத்தாள். உள்ளே இரண்டு ஜபலா, துண்டு, ஃபிளாஸ்க், ஆஸ்பத்திரிச் சீட்டுகள். மறுபடி ஓட வேண்டிவருமோ என்று, வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்தப் பையைப் பிரிக்கவே இல்லை. இத்தனை நாளும் தான் படுத்த கட்டிலுக்கு அடியிலேயே அது இருந்தது சேரனுக்குத் தெரியாது.

அவள் ஜபலாக்களை எடுத்து உதறினாள். சேரன் எழுந்து போய் அலமாரியில் தன் சட்டைகளைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தான்.