மாரிசெல்வி கட்டிய வரப்பு

மொட்டை மாடியில் விழும் மழை தானாக வெளியேறாது. தளத்தைச் சற்றுச் சாய்த்து, சாய்வு முடியும் மூலையில் ஒரு துவாரம் விட வேண்டும். கண்மாய்க்கு மதகு எப்படியோ, மாடிக்கு அந்தத் துவாரம் அப்படி.

பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தில் சீனிவாசகத்தின் கட்டடத்திலும் ஒன்று இருந்தது. அந்த மாடிக்குக் கீழே ஒரு பாதி அவருடைய காலண்டர் குடோன். மறு பாதியில் மாரிசெல்வியும் அவள் கணவன் பாண்டியும் வாடகைக்கு இருந்தார்கள். துவாரத்துத் தண்ணீர் குடோன் வாசலில் கொட்டி, லோடு ஏற்றும்போது 2007 காலண்டர்களை நனைத்தது. சீனிவாசகம் துவாரத்தில் சாக்கைத் திணித்து, சிமெண்ட் பூசி அடைத்துவிட்டார்.

வழி அடைபட்ட தண்ணீர் பள்ளத்தைத் தேடும். மாரிசெல்வி வீட்டுக்கு மேலே தளம் தொய்ந்திருந்தது. மாடித் தண்ணீரெல்லாம் அங்கே தேங்கி, விரிசல் வழியாக, அவள் பட்டாசுக் கம்பெனிக்கு உருட்டி வைத்திருந்த காகிதக் குழாய்களின் மேல் சொட்டியது. நமுத்த குழாய் பட்டாசுக்கு ஆகாது.

"இன்னொரு லோடு ஈரமா வந்தா, ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார் கம்பெனி ஏஜெண்ட் செல்லக்கனி. தீபாவளி சீசன் வேறு. அவரையும் அழைத்துக்கொண்டு அவள் சீனிவாசகத்திடம் போனாள்.

"மொதலாளி, மாடியச் சரி பண்ணிக் குடுங்க. வீட்டுக்காரகதான் பழுது பாக்கணும்னு சட்டமே இருக்காம்ல."

இருந்தது. வீட்டுக்காரர் செய்யாவிட்டால், வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட்டு, அனுமதி வாங்கிக் குடியிருப்பவரே செய்துகொள்ளலாம். செலவை ஓர் அளவுவரை வாடகையில் கழிக்கலாம். ஆனால் மனு விசாரணைக்கு வருவதற்குள் தீபாவளியே போய்விடும். சீனிவாசகத்துக்கும் அது தெரியும்.

"சட்டம் கெடக்கட்டும். அவுகவுக தலைக்கு மேல இருக்கறத அவுகவுக பாத்துக்கிடணும். சிமெண்டு பூசு, ஓட்டையப் போடு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"அண்ணாச்சி, கேட்டுக்கிட்டீகளா?" என்று மாரிசெல்வி செல்லக்கனியைப் பார்த்தாள்.

"காது நல்லாத்தான் இருக்கு."

பாண்டி, பட்டாசு வேலைக்கு வருமுன் வயல் வேலை பார்த்தவன். இரு பாதிகளையும் பிரிக்கும் சுவருக்கு நேர் மேலே மாடியில் சிமெண்டால் ஒரு வரப்புக் கட்டினான். தங்கள் பக்கத்து விரிசல்களைப் பூசி, பள்ளத்தை மேடாக்கி, கைப்பிடிச் சுவரில் தெருவைப் பார்க்க ஒரு துவாரமும் போட்டான்.

அடுத்த மழையில் அவர்கள் பக்கத்துத் தண்ணீர் தெருவுக்கு ஓடியது. சீனிவாசகம் பக்கத்துக்கு இப்போது மதகும் இல்லை, பள்ளமும் இல்லை. அது கண்மாய் ஆகிவிட்டது. விடிவதற்குள் தளம் ஒழுகி, குடோனில் கட்டுக் கட்டாகக் காலண்டர் மகாலட்சுமிகள் நனைந்துபோனார்கள்.

"ஏ மாரிசெல்வி, வரப்ப வெட்டிவிடச் சொல்லு உம் புருசன."

"அது எங்க தலைக்கு மேல இருக்கு மொதலாளி. உங்க தலைக்கு மேல நீங்க பாத்துக்கிடுங்க."

"தண்ணி போக வழியில்லையேம்மா."

"இருந்துச்சு. நீங்கதான சாக்க வச்சு அடைச்சீக."

அவர் வேட்டியை மடித்துக் கட்டி, கடப்பாரையோடு தானே மாடி ஏறினார். அடைப்பு விட்டதும், தண்ணீர் பழைய வழக்கப்படி குடோன் வாசலில் கொட்டியது. மறுநாளே கொத்தனார் வந்தார். மாடி முழுவதும் புதிதாகத் தளம் பூசி, துவாரத்தில் ஒரு குழாயை மாட்டித் தரைவரை இறக்கினார். முதலிலேயே இந்தக் குழாயை மாட்டியிருந்தால் காலண்டரும் நனைந்திருக்காது, வீடும் ஒழுகியிருக்காது.

செல்லக்கனி வந்து காகிதக் குழாய் ஒன்றை நசுக்கிப் பார்த்தார். மொறுமொறுவென்று இருந்தது. அடுத்த லோடுக்கான தாளை இறக்கிவிட்டுப் போனார்.

"இந்த வரப்ப எடுத்துறட்டுமா தாயி?" என்று மாடியிலிருந்து கேட்டார் கொத்தனார்.

"இருக்கட்டும்ணே" என்றாள் மாரிசெல்வி. "குளிக்கிற ரூம்புக் கதவும் இத்துப் போயிக் கெடக்கு. வரப்பு கெடந்தாத்தான் மொதலாளி அதையும் பாத்துக் குடுப்பாரு."